உடன் விழுவோர்

தவறு என்று தெரிந்த கணமே நிறுத்திவிட வேண்டும். வேகம் மிகுந்துவிட்டது என்று உணர்ந்ததும் தளர்த்திவிட வேண்டும். சிறுவயது முதல் நாம் கேட்டு வளர்ந்த அறிவுரை இது. விரைவு ஆபத்து, நிறுத்தம் பாதுகாப்பு என்பது நம் மனத்தில் ஊன்றிப்போன கணக்கு. ஒருவர் தாம் செய்துவந்த ஒன்றைத் திடீரெனக் கைவிட்டால் அவர் நன்மை செய்தார் என்றே எண்ணுகிறோம். அதனால் எவருக்கும் கேடில்லை என்றாவது எண்ணுகிறோம். இக்கணக்கு எப்போதும் சரிதானா? நிறுத்துவதனாலேயே பிறரைக் காயப்படுத்த வழியில்லையா?

இக்கேள்விக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வெளிச்சம் கிடைக்கிறது. அது ஒரு விளையாட்டு. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஆடப்போகாத விளையாட்டு. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்தை விட்டு வெளியே குதித்து, பாராசூட்டை விரிக்கும்வரை ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரம் வெறும் காற்றில் விழுவது. ஸ்கைடைவிங் என்று அழைக்கப்படும் இவ்வான்குதிப்பில் நெடுங்காலம் குப்புறக் கிடந்த நிலையில் விழுவதே வழக்கமாய் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஓலாவ் ஸிப்ஸர் முதலியோர், அமர்ந்தும் நின்றும் தலைகீழாகவும் விழக்கூடிய ஒரு கலையை வளர்த்தெடுத்தனர். ஃப்ரீஃப்ளை என்பது அதன் பெயர். அதில் தலைகீழாய் விழும் முறையே நம் கருத்துக்கு உரியது.

பொழுதுபோக்கிற்காக உயிரைப் பணயம் வைப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, தனியே ஆராயத்தக்கது. நாம் இங்கே கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. ஆபத்தைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட ஒருவர், தம்மோடு அதே ஆபத்தை ஏற்றுக்கொண்டிருக்கும் மற்றவருக்கு எவ்வகையில் கடன்பட்டிருக்கிறார்?

விழுவதிலும் ஒரு பிடி

விழும் மனிதரை எடை கீழே இழுக்கிறது. காற்று அவரை எதிர்த்துத் தாங்குகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. குதித்த பத்துப் பன்னிரண்டு நொடிகளில் தடை எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதன்பின் வேகம் கூடுவதில்லை. குப்புறக் கிடப்பவருக்கு அவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அவரே தலைகீழாகத் திரும்பினால், காற்றை எதிர்கொள்ளும் பரப்புச் சுருங்கி, எல்லை 250 முதல் 290 கிலோமீட்டர் வரை உயர்கிறது. அவருடைய எடை மாறவில்லை, காற்றும் மாறவில்லை. மாறியது உடலின் வடிவம் மட்டுமே.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. விழுவதா வேண்டாமா என்பது விமானத்தின் கதவோடு முடிந்துவிட்டது. வெளியே வந்தவரின் கையில் எஞ்சியிருப்பது எப்படி விழுவது என்பது மட்டுமே. ஆனால் அந்த ‘எப்படி’ சிறியது அன்று. கால்களை அகல விரித்தால் காற்றுக்குப் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது, வேகம் தணிகிறது. ஒடுக்கினால் உடல் அம்பாகிறது, வேகம் மிகுகிறது. கைகள் பக்கவாட்டில் நீண்டு சமநிலையைக் காக்கின்றன. கண்கள் தரையைத் தேடக் கூடாது. தரையைப் பார்க்கக் கழுத்தை வளைத்தால் உடல் முழுவதும் சாய்ந்து, பக்கவாட்டில் நகரத் தொடங்கிவிடும். தலைகீழாய்த் தெரியும் தொடுவானத்தை நேராக நோக்க வேண்டும். இவை அனைத்தும் மெல்லிய அசைவுகள். அஞ்சி விறைத்த உடலுக்கு இவை வசப்படுவதில்லை. பதறாத காரியம் சிதறாது என்ற நம் முதுமொழியின் பொருள் அங்கே தசையிலும் மூச்சிலும் விளங்குகிறது.

மிக விரைவாய் விழுபவரே மிகத் தேர்ந்தவர் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நிலை வேறு. கைகால்களை ஒடுக்கிக்கொண்டவருக்கு வேகம் உண்டு. ஆனால் காற்றின் மேல் பிடிப்புக் குறைவு. தம் நிலையைத் திருத்திக்கொள்ளவும் பிறரை நோக்கி நகரவும் அவருக்கு வழி சுருங்கிவிடுகிறது. கைகால்களை விரித்து, காற்றின் முழுத் தாக்குதலையும் ஏற்றுக்கொண்டு, தலைகீழ் நிலையும் குலையாமல் மெல்ல விழுவதற்கே பயிற்சி மிகுதியாய் வேண்டும்.

தாம் பக்கவாட்டில் நகர்வதை ஒருவர் தாமாகவே உணர்வது அரிது. சுற்றிலும் வெற்று வானம். அளந்து பார்க்க மரமில்லை, சுவரில்லை. இதற்காகவே ஸிப்ஸர் ஒரு பந்தைப் பயன்படுத்தினார். டென்னிஸ் பந்தில் ஈயக் குண்டுகளை நிரப்பி, வால்போல் ஒரு நாடாவைக் கட்டி, அதனோடு சேர்ந்து விழச் செய்தார். பந்துக்குச் சொந்த விருப்பம் எதுவும் இல்லை. அது ஒரே வேகத்தில் நேர்கோட்டில் விழும். ஆகவே பந்து விலகிப் போவதாகத் தோன்றினால், விலகியவர் நாமே. பந்து மேலே எழுவதாகத் தோன்றினால், நாம் வேகம் மிகுந்துவிட்டோம். மனச்சான்றைப் பற்றி நாம் கூறும் பலவற்றை இச்சிறு பந்து சுருக்கமாய்க் கூறிவிடுகிறது.

எது சரியான வேகம்?

தனியே விழுபவருக்கு இக்கேள்வியே எழுவதில்லை. 250 கிலோமீட்டரும் சரி, 280 கிலோமீட்டரும் சரி. இன்னொருவர் அருகில் வந்ததும் அந்த உரிமை முடிவுக்கு வருகிறது. இப்போது சரியான வேகம் என்பது மற்றவரின் வேகம். குழுவாய் விழும்போது நடுவில் சிலர் அடித்தளமாக அமைந்து ஒரே சீரான வேகத்தைக் காக்கின்றனர். ஏனையோர் தம் வேகத்தை அதற்கு இசைவித்துக்கொள்கின்றனர். குப்புறக் கிடந்து குழுவாய் விழுவோரிடம் இதனினும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எடை குறைந்தவர் ஈயத் துண்டுகள் கோத்த பட்டையை இடையில் அணிவார். உடல் கனத்தவர் காற்றைப் பிடிக்கும் தளர்ந்த உடையை அணிவார். ஒருவர் தம்மீது சுமையை ஏற்றிக்கொள்கிறார். மற்றவர் தம் விரைவைக் குறைத்துக்கொள்கிறார். இருவரும் ஒன்றாய் விழுவதற்காக இருவரும் எதையோ விட்டுக்கொடுக்கின்றனர்.

2015 ஜூலை 31 அன்று, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரின் மேலே, 164 பேர் தலைகீழாய் விழுந்தபடியே கைகோத்து ஓர் உருவத்தை அமைத்து உலகச் சாதனை படைத்தனர். பல முயற்சிகள் தோற்ற பின்னரே அது கைகூடியது. ஒருவர் கை எட்டாமல் போனாலும் அம்முயற்சி கணக்கில் வராது. இத்தகைய அமைப்பில் சேரும் முறை கவனிக்கத்தக்கது. மேலிருந்து வருபவர் அமைப்பின் மீது நேராக இறங்குவதில்லை. வெளிப்பக்கமாய் இறங்கி, மற்றவர்களின் மட்டத்திற்கு வந்து, வேகத்தை இணையாக்கிய பின்னரே பக்கவாட்டில் நெருங்கிக் கைநீட்டுகிறார். முதலில் மட்டம், பிறகு நெருக்கம். உதவி செய்ய விரைந்து வந்து உதவப்பட்டவரையே நிலைகுலையச் செய்யும் நல்லவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குக் குறையாய் இருப்பது அன்பு அன்று, இந்த வரிசைமுறையே.

தக்கை

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். தலைகீழாய் விழுந்துகொண்டிருக்கும் ஒருவர் நிலைதடுமாறுகிறார். உடல் புரள்கிறது. மனித இயல்பு அவரை என்ன செய்யத் தூண்டும்? கைகால்களை விரித்துக் குப்புறக் கிடக்கத் தூண்டும். அவர் முதன்முதலில் கற்ற நிலை அது, மெதுவான நிலை, பாதுகாப்பான நிலை. அவர் அதையே செய்கிறார். ஒரு கணத்தில் அவருடைய வேகம் 250இலிருந்து 200ஐ நோக்கிச் சரிகிறது. அவரைப் பொறுத்தவரை ஆபத்து நீங்கிவிட்டது.

ஆனால் அவருக்கு மேலே இருப்பவர் இன்னும் 250 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துகொண்டிருக்கிறார். வேறுபாடு மணிக்கு 50 கிலோமீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். பத்து மீட்டர் இடைவெளி ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும். மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுகொண்டிருப்பவர்மீது மோதுவதற்கு ஒப்பான மோதல் அது. மேலிருப்பவரின் கண்ணுக்குக் கீழிருந்தவர் திடீரென வானை நோக்கிப் பாய்வதுபோல் தோன்றும். நீருக்குள் அழுத்திப் பிடித்த தக்கை கைநழுவியதும் மேலே பாய்வதுபோல் இருப்பதால், வான்குதிப்போர் இதற்குத் தக்கையின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். உண்மையில் அவர் மேலே ஏறவே இல்லை. மற்றவர்களைவிடக் குறைவாய் விழுந்தார், அவ்வளவே. அந்தக் குறைவே ஒருவரின் உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஆகவே கற்பவருக்கு இயல்புக்கு மாறான ஒரு பாடம் கற்பிக்கப்படுகிறது: நிலை தவறினால் விரிந்துவிடாதே, உடலைச் சுருட்டி உன் வேகத்தைக் காத்துக்கொள், உடன் வருவோர் எங்கே என்று பார், பின்னர் நிலையைச் சரிசெய். தம்மைக் காக்கத் துடிக்கும் அந்த ஒரு நொடியில், பிறரையும் நினைத்து இன்னும் சிறிது நேரம் விரைவைத் தாங்கிக்கொள்ளும்படி கேட்கும் பாடம் இது.

இதே வரிசையில் இன்னொரு பாடமும் உண்டு. வேகம் மிகுந்து குழுவுக்குக் கீழே சென்றுவிட்டவர் என்ன செய்வார்? பின்தங்கிய வெட்கமும் மீண்டும் சேர்ந்துவிடும் ஆவலும் உந்த, இருந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்துக் குழுவின் மட்டத்திற்கு எழும்ப நினைப்பார். அவர் குழுவுக்கு நேர் கீழே இருக்கிறார் என்றால், அந்த முயற்சியே அவரை ஆபத்தாக்கிவிடும். ஆகவே விதி இது: முதலில் பக்கவாட்டில் ஒதுங்கு, எவருக்கும் அடியில் நீ இல்லை என்று உறுதிசெய், அதன்பின் மெல்ல மட்டத்திற்கு வா. தவறியவர் திரும்பி வரலாம். ஆனால் தாம் விட்டுச் சென்றவர்களின் மேல் மோதிக்கொண்டு திரும்பி வரக் கூடாது.

நம்மிடையே

இப்போது நம் இல்லங்களைப் பார்ப்போம். பல ஆண்டுகள் கடன் வாங்கி ஊர் மெச்ச வாழ்ந்த குடும்பத் தலைவர் ஒருவர், ஒருநாள் எளிமையின் அருமையை உணர்கிறார். உணர்ந்தது உண்மை; நல்லதும்கூட. மறுநாளே எல்லாச் செலவையும் நிறுத்துகிறார். பாதிப் படிப்பில் இருக்கும் மகளுக்கு இனிப் பணமில்லை. அவர் சொல்லை நம்பி மனைவி அயலாருக்குக் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லை. குடும்பம் அந்த வேகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வகுத்த வேகத்திற்கு இசைந்து பழகிவிட்டது. இப்போது அவர் ஒருவர் மட்டும் விரிந்துகொள்கிறார். மோதலின் வலி மற்றவர்களுக்கு.

வேறொரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் தாயைப் பல ஆண்டுகளாய் ஒரு மகளே தனியாய்க் கவனித்துவருகிறாள். களைத்துப்போகிறாள். களைப்பு குற்றமன்று. “இனி என்னால் இயலாது” என்று ஒருநாள் காலையில் வெளியேறிவிடுகிறாள். அண்ணன்மார் பதறுகின்றனர், தாய் தவிக்கிறாள். இங்கே குறை யாருடையது? வான்குதிப்போரின் விதி இருபக்கமும் பேசுகிறது. கீழிருப்பவர் திடீரென வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பது போலவே, மேலிருப்பவர் எவருக்கும் நேர் மேலே நிற்கக் கூடாது என்பதும் விதியே. தங்கை தாங்குவாள் என்று அவளுக்கு நேர் மேலே ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தவர்கள், மோதல் நேர்ந்த பின் அவளை மட்டும் குறைகூற இயலாது. அவள் நான்கு மாதங்களுக்கு முன்னே குரல் கொடுத்திருக்க வேண்டும் என்பது உண்மையானால், அவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்னே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் உண்மையே.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பை ஆராய்ந்தபோது, அதன் உறுப்புகளுள் ஒன்றாகச் சுற்றிலும் நோக்கும் பண்பையும் வைத்தார். தன்னளவில் நல்லதாய் இருக்கும் ஒரு செயல், சூழ்நிலையால் பொருந்தாததாகிவிடக்கூடும் என்பது அவர் கருத்து. அன்பைக் காட்டுவது நல்லது. ஆனால் அதைப் பெறுபவர் முகத்துதி என்று ஐயுற்றால், அல்லது அதனால் செருக்குற்றால், அதே அன்பின் அடையாளம் தன் நோக்கத்தை அடையாது என்று அவர் எடுத்துக்காட்டும் தருகிறார். நிறுத்துவதும் அவ்வாறே. அது நல்லது என்று முடிவு செய்த பின்னும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது: என்னைச் சுற்றி, என் வேகத்தை நம்பி வந்துகொண்டிருப்பவர் யார்?

உயரமானியின் சொல்

இங்கே கூர்ந்த வாசகர் ஒரு தடையை எழுப்பக்கூடும். இது சோம்பேறிக்கும் கோழைக்கும் வசதியான போதனை அன்றோ? மெல்ல, மெல்ல என்று சொல்லித் திருந்துவதையே தள்ளிப்போட்டுவிடலாமே? பிறருக்காகவே தொடர்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தீமையில் நீடிக்கலாமே?

தடை வலுவானது. விடையும் அவ்விளையாட்டிலேயே இருக்கிறது. 250 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு நொடியும் 70 மீட்டர் உயரம் கரைந்துபோகிறது. விழும் ஒவ்வொருவரும் உயரத்தைக் காட்டும் கருவியை அணிந்திருக்கின்றனர்; ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலித்து எச்சரிக்கும் கருவியும் உண்டு. முன்பே வகுத்த உயரம் வந்ததும், அமைப்பு முடிந்ததோ முடியவில்லையோ, அனைவரும் பிரிந்தாக வேண்டும். இன்னும் ஒரு கை கோக்கவில்லையே என்று அங்கே எவரும் வாதாடுவதில்லை. ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் பறந்து, இடைவெளி கிடைத்த பின் உடலைத் திருப்பி வேகத்தைத் தணித்து, அதன்பின் பாராசூட்டை விரிக்கின்றனர். முழு வேகத்தில் விரித்தால் அந்தக் குலுக்கல் உடலையும் முறிக்கும், துணியையும் கிழிக்கும். முற்றிலும் விரிக்காவிட்டால் தரை காத்திருக்கிறது. விலகு, தணி, விரி என்னும் மூன்றும் வரிசைப்படி நடக்க வேண்டும். நேரத்திற்குள்ளும் நடக்க வேண்டும். படிப்படியாக என்பதற்குப் பிறகு என்று பொருளில்லை.

இன்னொன்றையும் பிரித்துணர வேண்டும். பிறரை நேரடியாய்க் காயப்படுத்தும் செயலுக்கு இந்தப் படிப்படியான முறை பொருந்தாது. மனைவியை அடிக்கும் கை இன்று ஒன்று, நாளை அரை என்று குறைத்துக்கொள்ள இடமில்லை. அந்தக் கை இக்கணமே தாழ வேண்டும். பிறர் பொருளைத் திருடுபவர் திருட்டைத் தவணையில் நிறுத்த இயலாது. அங்கே எவரும் அவருடைய வேகத்தை நம்பி உடன் வரவில்லை; அவருடைய வேகத்தால் நசுங்குகின்றனர். நாம் இங்கே பேசுவது வேறு வகை: பிறர் நம்பி இசைந்துவிட்ட ஒரு வாழ்க்கை முறை, ஒரு பொறுப்பு, ஒரு வாக்கு. அதிலிருந்து விலகுவது நம் உரிமையாகவும் கடமையாகவும்கூட இருக்கலாம். விலகும் விதம் மட்டும் நம் ஒருவருக்கே சொந்தமானதன்று.

இன்னுமொரு சிறு செய்தி. தலைகீழாய் விழுவோர் குதிப்பதற்கு முன் தம் முதுகுப் பையின் மடிப்புகளைத் தனிக் கவனத்தோடு ஒருவருக்கொருவர் சோதித்துக்கொள்கின்றனர். குப்புற விழும்போது கேடு செய்யாத ஒரு சிறு தளர்ச்சியை, தலைகீழாய் விழும் வேகத்தில் காற்று பற்றி இழுத்துப் பாராசூட்டை வேளை தவறித் திறந்துவிடக்கூடும். தம் முதுகைத் தாமே காண எவராலும் இயலாது. ஆகவே இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். வாழ்வில் வேகம் கூடியவர்களுக்கு, பொறுப்பும் பதவியும் கூடியவர்களுக்கு, இது மிகவும் வேண்டப்படும் பழக்கம். மெதுவாய் வாழ்ந்த நாளில் எவரையும் வருத்தாத ஒரு சிறு பொய், ஒரு சிறு அசட்டை, உயர்ந்த பின் பலரை வீழ்த்தும்.

காலத்தில் பிறந்த நாம் அனைவரும் விழுந்துகொண்டிருப்பவர்களே. முதுமையை நோக்கியும் முடிவை நோக்கியும் போகும் இப்பயணத்தை நிறுத்தும் ஆற்றல் எவருக்கும் இல்லை. ஆனால் கையை நீட்டவும் மடக்கவும், விரையவும் தணியவும், அருகிலிருப்பவரைத் திரும்பிப் பார்க்கவும் நமக்கு இயலும். நம் விடுதலை அந்த அளவினது, குறைவானது அன்று. எந்த முடிவையும் எடுக்குமுன், அது எத்துணை நல்ல முடிவாயினும், ஒரு நொடி தலையை உயர்த்திப் பார்ப்போம். நமக்கு மேலே யாரோ நம் வேகத்தை நம்பி வந்துகொண்டிருக்கக்கூடும். அவருக்கு முதலில் சைகை செய்வோம், ஒதுங்குவோம், பிறகு தணிவோம்.